பால் வைப்பதா, என்.டி.எஸ்.சி. வைப்பதா?

ஆரணியில் சின்னப்பையன் என்று ஒரு பட்டு நெசவாளி இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. பெற்றவர்கள் ஏதோ ஆசையில் வைத்த பெயர். ஆனால் அவர் உறுப்பினராக இருந்த பட்டுக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் அந்தப் பெயரை அப்படியே நம்பி, முப்பது வருஷமாக அவரைச் சின்னப்பையனாகவே நடத்தி வந்தது. ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் ஆனி மாதத்தில் அவரும் அவர் மனைவி ராஜம்மாளும் இருபத்திரண்டு நாள் தறியில் கிடந்து ஒரு புது ரகச் சேலை நெய்தார்கள். அரக்கு உடல், கடுகு மஞ்சள் பார்டர், பார்டர் முழுக்க ஜரிகையில் நெற்கதிர். முந்தானையில் அந்தக் கதிர்கள் கட்டுக் கட்டாகச் சாய்ந்து கிடக்கும். வெயிலில் பிரித்துப் பார்த்த ராஜம்மாள், "நானே கட்டிக்கலாம்னு கீது" என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

புது ரகம் சங்கத்தின் ரகத் தேர்வில் பாஸாக வேண்டும். பாஸானால்தான் அடுத்த சேலைகளுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் கொடுப்பார்கள். பாவு இல்லாவிட்டால் குழித்தறி என்பது வீட்டு நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போகலாம். வா வா என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் பத்து நாள் சாக்கைப் பிடித்த கை பட்டைத் தொட்டால் இழையைப் பிடித்து இழுக்கும். அந்தக் கை மறுபடி பட்டுக்குப் பதமாக மாதக் கணக்கில் ஆகும். அதனால் சின்னப்பையன் மில்லுக்கும் போகாமல், தேர்வுத் தேதியை எதிர்பார்த்து, கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

போன வருஷம் வரைக்கும் ரகத் தேர்வு என்றால் அதிகாரி வருவார், சேலையைத் தொட்டுப் பார்ப்பார், கசக்கிப் பார்ப்பார், காபி குடிப்பார், போவார். இந்த வருஷம் அது நவீனமாகிவிட்டது. மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்திருந்தது: சேலையைக் கையால் தொட்டும் கண்ணால் நேரில் பார்த்தும் தேர்வு செய்வதில் மனிதத் தவறுகள் நேர்வதால், இனிமேல் சேலையை வீடியோ எடுத்து, டி.வி.டி.யில் போட்டு, டி.வி.யில் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். இதற்காக இருபத்தோரு அங்குலக் கலர் டி.வி. ஒன்றும் டி.வி.டி. பிளேயர் ஒன்றும் சங்கத்துக்கு வந்து இறங்கின.

சங்கச் செயலாளர் வேணுகோபால் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டார். பட்டனை அழுத்தியதும் பிளேயர் தன் தட்டை வெளியே நீட்டியது. இயந்திரம் மரியாதை எதிர்பார்க்கிறது என்று புரிந்துகொண்ட வேணுகோபால் அதில் வெற்றிலை பாக்கு வைத்தார். தட்டு உள்ளே போய்விட்டது. பாக்கை வெளியே எடுக்க மெக்கானிக் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ரகத் தேர்வு தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டதாகப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

ஒருவழியாகத் தேர்வு நாள் வந்தது. ரகத் தேர்வு அதிகாரி ஜெகநாதன் ஜீப்பில் வந்தார். சின்னப்பையன் மஞ்சள் பையிலிருந்து சேலையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஐயையோ, அதை என் கண்ணுல காட்டாதீங்க!" என்று ஜெகநாதன் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். "ஒரிஜினலைப் பார்த்துட்டா மனசுல ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் இருக்கிறவன் அதிகாரியா இருக்கக் கூடாது. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் எதைப் பத்தியும் ஒரு அபிப்பிராயம் சொன்னதில்லை."

வேணுகோபால் அவசர அவசரமாகச் சேலையைத் தினசரித் தாளால் மூடினார். பிறகு பீரோவைத் திறந்து, பீரோவுக்குள் இருந்த பெட்டியைத் திறந்து, பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு இருந்த ரிமோட்டை எடுத்து, இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அதிகாரியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

சேலையை வீடியோ எடுத்தவர் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். சர்க்கார் வேலையாயிற்றே என்று, சினிமா மாதிரி அகலமாக எடுத்திருந்தார். அகலப் படம் சாதாரண டி.வி.யில் ஓடினால் மேலேயும் கீழேயும் கறுப்பாக இரண்டு பட்டை விழும். வீட்டில் டி.வி. இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். ஜெகநாதன் வீட்டிலும் டி.வி. இருந்தது. ஆனால் அவர் இப்போது வீட்டில் இல்லையே, அலுவலில் அல்லவா இருக்கிறார்.

"என்னய்யா இது, கறுப்பு பார்டர்?" என்றார்.

"சார், நம்முது கடுகு மஞ்ச பார்டர்ங்க. அந்தக் கறுப்பு சேலைல இல்லீங்க, பொட்டில கீதுங்க" என்றார் சின்னப்பையன்.

"பெட்டியில எதுக்குய்யா பார்டர் இருக்கணும்? பெட்டி என்ன பொடவையா? எழுத்து மூலமா விளக்கம் குடுங்க."

மூன்றாம் நாள் சின்னப்பையன் வீட்டுக்கு ஓலை வந்தது. மங்கல நிகழ்ச்சிகளில் உடுத்தும் சேலையின் இரு ஓரங்களிலும் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை நெய்யப்பட்டிருப்பது திரையில் ஐயமறத் தெரிவதாகவும், ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் ரகம் தள்ளுபடி செய்யப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. ராஜம்மாள் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"கறுப்பு நூலு நம்ம ஊட்ல ஏதுங்க? அந்த ஆளு கண்ணுல புரையா?" என்றாள்.

"கண்ணால பாக்கக் கூடாதுன்றதுதானே ரூல்ஸே" என்றார் சின்னப்பையன்.

விளக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனார். அதைப் படித்த ஜெகநாதன், படத்தின் அளவை மாற்றும் வசதி இயந்திரத்தில் இருப்பதாக அதன் கையேட்டில் பார்த்துவிட்டு, அதற்காக ஐந்து பேர் கொண்ட 'காட்சி வெளியீட்டு அமைப்புக் குழு' ஒன்றை நியமித்தார். குழு கூடியது. போண்டா சாப்பிட்டது. திரையில் மூன்று அளவுகள் இருந்தன. முதல் அளவில்தான் கறுப்புப் பட்டை. இரண்டாம் அளவை வைத்தார்கள். பட்டை போய்விட்டது, ஆனால் படம் பெரிதாகி, இரண்டு பக்கமும் திரைக்கு வெளியே போய், அதோடு முந்தானையும் போய்விட்டது. "முந்தானை இல்லாத சேலை. பெண்களின் கண்ணியத்துக்கு ஏற்றதல்ல" என்று குழு குறிப்பெழுதியது. மூன்றாவது அளவை வைத்தார்கள். படம் பக்கவாட்டில் நெருக்குண்டு ஒடுங்கியது. "நீளம் போதாது. சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் பரிந்துரைக்கலாம்" என்று எழுதினார்கள்.

எல்லாம் ஒரே சேலை. அது மேஜைமேல், தினசரித் தாளுக்கு அடியில், இவர்களுக்கு ஒரு முழ தூரத்தில் கிடந்தது. தாளின் மேல் போண்டாத் தட்டு இருந்தது. சின்னப்பையன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் தாளில் மெல்லப் பரவியது. தட்டை நகர்த்தப் போனார். "ஆதாரத்தைத் தொடாதீங்க" என்று வேணுகோபால் அதட்டினார்.

குழுவின் அறிக்கையில் ஒரு நல்ல விஷயம், எந்த முடிவும் இல்லை. ஆனால் அவர்கள் கையேட்டை மேலும் புரட்டியதில் இன்னொரு கேள்வி கிளம்பிவிட்டது. டி.வி. முறை என்று ஒரு பக்கம். அதில் பி.ஏ.எல். என்று ஒன்று, என்.டி.எஸ்.சி. என்று ஒன்று. எதை வைப்பது? இது கொள்கை முடிவு என்பதால் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதென்று தீர்மானமானது. சங்கத்தில் தட்டச்சு வேலை பார்த்த உதயா கெட்டிக்காரப் பெண். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்து, சுத்தமான தமிழில் அடித்தாள்: "இச்சங்கத்தில் பால் வைப்பதா அல்லது என்.டி.எஸ்.சி. வைப்பதா என்பது குறித்துத் தங்கள் மேலான அறிவுரை வேண்டப்படுகிறது."

மாவட்ட அலுவலகத்தில் தபால் பிரிக்கிறவர் பாலைப் பார்த்தார். கடிதம் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் போயிற்று. சின்னப்பையனின் தறி பதினெட்டு நாள் காலியாகக் கிடந்து, ராஜம்மாள் அந்தப் பள்ளத்தில் விறகு அடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. தங்கள் சங்கத்தில் பால் வைப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் குளிர்சாதன வசதி இல்லாத இடத்தில் வைத்தால் நான்கு மணி நேரத்தில் கெட்டுவிடும். மற்றது பற்றி எங்களுக்குத் தெரியாது.

ஜெகநாதன் குழுவைக் கூட்டிக் கடிதத்தை உரக்கப் படித்தார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

"பால் கெட்டுடும்னு சம்பந்தப்பட்ட துறையே எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்கு ஆடிட்ல, கெட்டுடும்னு தெரிஞ்சும் ஏன் பால் வச்சேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? என்.டி.எஸ்.சி. கெடும்னு யாரும் எழுதலை. அதனால என்.டி.எஸ்.சி.யே வைப்போம். இது சரியான முடிவான்னு எனக்குத் தெரியாது. ஆனா பாதுகாப்பான முடிவு. சர்க்கார்ல ரெண்டும் ஒண்ணுதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். என்.டி.எஸ்.சி. வைக்கப்பட்டது. நம் ஊர் டி.வி.க்கு அது ஒத்துவராது; படம் ஓடும், நிறம் வராது. திரையில் சேலை வந்தது. அரக்கு இல்லை, கடுகு மஞ்சள் இல்லை, ஜரிகை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு துணி. அதில் வெளுத்துப்போன கோடுகள்.

"சாயமே நிக்கலையேய்யா! போன தபா பார்த்தப்ப கலர் இருந்துதே. கொஞ்ச நாள்ல இவ்வளவு வெளுத்தா, கட்டிக்கிறவங்க கதி என்ன?" என்றார் ஜெகநாதன்.

சாயம் நிற்காத, நிறமற்ற சேலை என்று தீர்மானம் நிறைவேறியது. ரகம் தள்ளுபடி. ஒரு தடவை மறுபார்வை கேட்கலாம் என்று விதி இருந்தது. சின்னப்பையன் கேட்டார். அன்றைக்கு ராஜம்மாளும் கூடவே வந்தாள். "நானும் ஒரு பக்கம் நெய்ஞ்சவதானே, நானும் வரேன்" என்றாள்.

அவளையும் உட்காரச் சொல்லவில்லை. சாம்பல் படம் ஓடியது. ராஜம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையைக் கண்ணால் தேடினாள். தாளுக்கு அடியில் அரக்கு நிறத்தில் ஒரு மூலை தெரிந்தது. அதன்மேல் எண்ணெய்க் கறை படிந்த தாள்.

"இதுக்கா இம்மாம் பேஜாரு?" என்றபடி நேராகப் போனாள். மேஜைமேல் இருந்த ரிமோட்டை எடுத்தாள். "எங்க பக்கத்து ஊட்லயும் இதே பொட்டிதான். பி போட்டு என் போட்ட பட்டன் ஒண்ணு கீது. ஒரு தபா அமுக்கினா சரியாப் பூடும்." பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே அமுக்கினாள்.

திரை ஒரு தரம் இருண்டது. பிறகு நிறம் வந்தது. அரக்கு வந்தது, கடுகு மஞ்சள் வந்தது. நெற்கதிர் ஒவ்வொன்றும் ஜரிகையில் தனித்தனியாக மின்னியது. உதயா மட்டும் தட்டச்சு மேஜையிலிருந்து, "அய்யோ, எவ்ளோ நல்லாகீது!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சின்னப்பையனுக்குக் கண் கலங்கியது. முடிந்தது, பாவு வந்துவிடும், நாளைக்கே தறியில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தார்.

ஜெகநாதன் தொண்டையைச் செருமினார்.

"இது யார் சேலை?"

"நம்முதுதாங்க. அதேதாங்க."

"அதே சேலை எப்படி ஆகும்? உங்க சேலைக்கு நிறம் இல்லைன்னு தீர்மானம் இருக்கு, அஞ்சு பேர் கையெழுத்து இருக்கு. இதுக்கு நிறம் இருக்கு. அப்ப இது வேற சேலை. விண்ணப்பம் போடாத சேலையை எப்படிய்யா தேர்வு செய்ய முடியும்?" அவர் வேணுகோபால் பக்கம் திரும்பினார். "அனுமதி இல்லாம அரசுச் சாதனத்துல நிறம் வரவழைச்சிருக்காங்க. குறிப்பு எழுதுங்க. திரும்ப என்.டி.எஸ்.சி. வைங்க. இனிமே யாரும் அந்த டி.வி.யைத் தொடக் கூடாது. மூடி வைங்க."

"எதால சார் மூடறது? கவர் வாங்க அனுமதி இல்லையே."

"ஏதாவது துணி இருந்தாப் போடுங்க."

வேணுகோபால் சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் ஒரே ஒரு துணிதான் இருந்தது. தள்ளுபடியான துணி. அவர் தாளை உருவிப் போட்டார், சேலையை உதறினார், நாலாக மடித்து டி.வி.யின் தலையோடு போர்த்தி, முந்தானையை முன்பக்கம் திரை மறைய இழுத்துவிட்டார். ராஜம்மாள் தடுக்கப் போனாள். சின்னப்பையன் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் வந்து காறித் துப்பினார். சங்க வளாகத்தில் துப்பக் கூடாது என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே இருந்தது. இன்னொரு தடவை துப்பினார்.

மறுநாள் களம்பூர் மில்லுக்குப் போனார். மூட்டை தூக்கினார். பத்து நாளில் உள்ளங்கை தேங்காய் நார் மாதிரி ஆயிற்று.

பதினோராம் நாள் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. இந்த நிதியாண்டில் ஆரணிச் சங்கம் வீடியோ வழியில் ஒரு சேலையைக்கூடத் தேர்வு செய்யவில்லை, இயந்திரம் ஏன் பயனின்றி இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து ஜெகநாதனைக் கேட்டிருந்தார்கள். ஏதாவது ஒரு சேலை உடனே பாஸாக வேண்டும். கைவசம் இருந்த ஒரே கோப்பு சின்னப்பையனுடையது. ஆகவே சிறப்பு மறுபார்வை.

சின்னப்பையன் மில் தூசியோடு போய் நின்றார். குழு உட்கார்ந்திருந்தது. ஜெகநாதன் அவசர அவசரமாக உள்ளே வந்தார், வியர்வையைத் துடைத்தார், நாற்காலியில் சாய்ந்தார், டி.வி.யைப் பார்த்தார். பார்த்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆகா!" என்றார்.

ஜன்னல் வெயில் முந்தானைமேல் விழுந்து, நெற்கதிர்கள் தகதகவென்று இருந்தன.

"என்ன தெளிவு! என்ன கலர்! ஜரிகை அப்படியே தொடலாம் போல இருக்கே. வேணுகோபால், இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்லிக்கிட்டிருந்தேன். செட்டிங் சரியா இருந்தா சேலை சரியா இருக்கும். இப்ப என்ன வச்சிருக்கீங்க?"

வேணுகோபால் டி.வி.யைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். "என்.டி.எஸ்.சி.தான் சார். தீர்மானப்படி."

"பார்த்தீங்களா? அன்னிக்கு நான் பால் வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" குழுவினர் ஒவ்வொருவராக, படம் மிகத் தெளிவு என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் படம் அசையவே இல்லையே என்றார். நல்ல சேலை அசையாது என்று ஜெகநாதன் விளக்கினார்.

சின்னப்பையன் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாற்பத்தைந்து நாள், ஐந்து பேர், எத்தனையோ போண்டா. கடைசியில் இவர்கள் ஒரு சேலையை வெறும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், அதுவும் தெரியாமல்.

"சார், அது படமில்லீங்க. அது நம்ம சேலைங்க. டி.வி. ஆன்லயே இல்லீங்க" என்றார்.

ஜெகநாதன் எழுந்து போய் டி.வி.யை உற்றுப் பார்த்தார். முந்தானையை இரண்டு விரலால் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டு. மெல்லப் பழையபடி விட்டார். வந்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார்.

"ஆன் பண்ணா கெட்டுடும்யா" என்றார். "இதே செட்டிங்ல இருக்கட்டும்."

ரகம் பாஸானது. அந்த வாரமே பாவு வந்தது. இயந்திரத்தை மூடியது மூடியபடியே பேணி, சிறந்த முறையில் பயன்படுத்தியதற்காக ஜெகநாதனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்ததாக உதயா சொன்னாள். அதற்குப் பிறகு யார் எந்தச் சேலையைத் தேர்வுக்குக் கொண்டு போனாலும், குழு அந்த டி.வி.யைப் பார்த்துவிட்டு, கலர் அருமை, நெற்கதிர் அருமை என்று எழுதிப் பாஸாக்கியது. மயில் நெய்தவரும் பாஸானார், அன்னம் நெய்தவரும் பாஸானார். வழியில் பார்த்தவர்கள் சின்னப்பையனைக் கும்பிட்டார்கள்.

அவர் பதில் கும்பிடு போடவில்லை. வீட்டில் குழியில் கால் இறக்கி உட்கார்ந்து, பாவு இழையைத் தொட்டார். மில்லில் காய்த்த உள்ளங்கையில் பட்டு மாட்டிக்கொண்டு இழுத்தது. ஓர் இழை அறுந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அறுந்த இழையை ராஜம்மாள் வந்து முடிந்தாள்.

"அதான் பாஸ் ஆயிடுச்சே. நம்ம சேலையைத் திருப்பிக் குடுத்தாங்களா?" என்றாள்.

"எப்படிக் குடுப்பாங்க?" என்றார் சின்னப்பையன். "இன்னும் ஓடிகினு கீதே."